மேனேஜர் இருளாண்டி, எம்.காம்.

சனிக்கிழமை மதியச் சங்கு ஊதியதும் இருளாண்டி ஆபீஸ் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சட்டையை மாற்றினார். வேலைக்குப் போடும் காக்கிச் சட்டை ஆணிக்குப் போனது. மதுரைக்குப் போடும் வெள்ளைச் சட்டையை மனைவி குருவம்மாள் காலையிலேயே செய்தித்தாளில் சுற்றி மஞ்சள் பையில் வைத்துக் கொடுத்திருந்தாள். பையின் அடியில் புத்தகங்கள், அவற்றின் மேல் சட்டை, எல்லாவற்றுக்கும் மேலே எலுமிச்சம்பழச் சோற்றுப் பொட்டலம். அவர் வெளியே வந்தபோது வேப்பமரத்து நிழலில் தூக்குச்சட்டிகளைத் திறந்து வைத்திருந்த பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். "மேனேஜரு பள்ளிக்கூடம் கெளம்பிட்டாரு" என்று யாரோ மெதுவாகச் சொல்ல, அடக்கிய சிரிப்பு ஒன்று மரத்தைச் சுற்றி ஓடியது. குருவம்மாளின் அக்கா மாடத்தியும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தாள். அவள் சிரிக்கவில்லை. "பஸ்ஸு போயிராம, வெரசாப் போங்க" என்று மட்டும் சொன்னாள்.

அவருக்கு முப்பத்தெட்டு வயது. விஸ்வநத்தத்துக்கு அப்பால், கரிசல் முடிந்து செம்மண் தொடங்கும் இடத்தில் இருந்த அந்தப் பட்டாசுக் கம்பெனிக்கு எட்டு வருஷமாக மேனேஜர். கம்பெனி ஒச்சப்பனுடையது. கம்பெனி நிற்கும் நிலமும் அதைச் சுற்றி நாலு பக்கமும் கண்ணுக்கு எட்டுகிற காடும்கூட அவருடையவைதாம். இருளாண்டியின் தகப்பனாரும், அவருக்கு முந்தியவர்களும் அந்தக் காட்டில் பருத்தி எடுத்தவர்கள். இருளாண்டி மட்டும் சர்க்கார் ஹாஸ்டலில் தங்கி பி.காம். வரை படித்தார். படித்துவிட்டு விருதுநகரில் ஒரு கமிஷன் மண்டியில் சேர்ந்தபோது, முன்கட்டில் வியாபாரிகள் வந்து போகும் இடத்தில் அவரை உட்காரவைக்கவில்லை. பின்கட்டு கிட்டங்கியில், மல்லி மூட்டைகளுக்கு நடுவே ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தார்கள். மூன்று வருஷம் அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவரை ஒச்சப்பன்தான் கூப்பிட்டுக் கொண்டுவந்து மேஜை போட்டு, மேஜைக்குப் பின்னால் கைவைத்த நாற்காலி போட்டு, "இனி எல்லாரும் இவரை மேனேஜர்னுதான் கூப்பிடணும்" என்றார். சொன்னதோடு நிற்கவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்ட ஒரு கணக்குப்பிள்ளையை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினார். இருளாண்டி அதை மறக்கவில்லை. மறக்க யாரும் விடவுமில்லை.

எம்.காம். படிக்கப் போகிறேன் என்று கேட்டபோதும் ஒச்சப்பன் தடை சொல்லவில்லை. மதுரையில் ஒரு கல்லூரியில், வேலை பார்ப்பவர்களுக்கென்று சனிக்கிழமை பிற்பகலும் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வகுப்பு வைத்திருந்தார்கள். சனிக்கிழமைதான் சம்பள நாள். மேனேஜர் இல்லாமல் சம்பளம் போட முடியாது. வெள்ளிக்கிழமைக்கு மாற்றலாம் என்றால், வெள்ளிக்கிழமையில் லட்சுமியை வெளியே அனுப்பக் கூடாது என்று ஒச்சப்பனின் மனைவி ஒரே பிடியாக நின்றாள். கடைசியில் வியாழக்கிழமை ஆனது. வியாழன் சம்பளம் வாங்கி, சனிக்கிழமை சந்தைக்குள் அதைச் செலவழித்துவிட்ட ஆண்கள் சிலரின் வீட்டில் சண்டை நடந்தது. "மேனேஜர் படிப்பால வந்த வினை" என்று அந்த வீட்டுப் பெண்கள் அவர் காதுபடவே சொன்னார்கள்.

சைக்கிளில் சிவகாசி, அங்கிருந்து பஸ்ஸில் விருதுநகர், விருதுநகரிலிருந்து ரயில். அந்த ரயில் பயணத்தை அவர் மிகவும் நேசித்தார். கள்ளிக்குடியையும் திருமங்கலத்தையும் கடந்து வண்டி போகும் அந்த ஒரு மணி நேரம் அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. எந்த ஷெட்டில் வெடிமருந்து ஈரமாகிவிட்டது, எந்த லோடு நிற்கிறது, யாருக்கு யாரோடு தகராறு என்று யாரும் சொல்ல வரவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து புத்தகத்தை மடியில் விரித்து வைத்திருப்பார். பாதி நேரம் படிப்பார். பாதி நேரம் சும்மா வெளியே பார்த்துக்கொண்டிருப்பார்.

வகுப்பில் பேங்க் குமாஸ்தாக்களும் பள்ளி ஆசிரியர்களும் மில் கணக்கர்களும் இருந்தார்கள். பேராசிரியர் வழுக்கைத் தலையும் கனத்த குரலும் கொண்டவர். "மிஸ்டர் இருளாண்டி" என்று கூப்பிடுவார். முதல் தடவை அப்படிக் கூப்பிட்டபோது, தன்னைத்தான் என்று தெரிய இருளாண்டிக்குச் சற்று நேரம் பிடித்தது. நிர்வாகவியல் வகுப்பு ஒன்றில், பொறுப்பைக் கொடுப்பவர் அதற்கு ஈடான அதிகாரத்தையும் கொடுத்தாக வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தி, "இங்கே ஆட்களை வைத்து வேலை வாங்குகிறவர் நீங்கள் ஒருவர்தான். ஒரு ஆளைச் சேர்க்க உங்களுக்கு அதிகாரம் உண்டா?" என்று கேட்டார்.

"உண்டு சார்."

"நிறுத்த?"

"அதுவும் உண்டு சார்."

"நீங்களே நின்றுகொள்ள?"

வகுப்பு சிரித்தது. இருளாண்டியும் சிரித்தார். பேராசிரியர் அதற்குள் கரும்பலகைக்குத் திரும்பிவிட்டார்.

ஐப்பசியில் தீபாவளி சீசன் முடிந்து கம்பெனி சற்று மூச்சுவிட்ட நேரத்தில் ஒச்சப்பன் தன் மகன் வெள்ளைத்துரையையும் அதே வகுப்பில் சேர்த்தார். சேர்க்கை முடிந்து மாதங்கள் ஆகியிருந்தாலும் அவருக்கு அது ஒரு பெரிய காரியமாக இருக்கவில்லை. வெள்ளைத்துரைக்கு இருபத்து நாலு வயது. பி.காமை எப்படியோ தாண்டியிருந்தான். சாத்தூரில் ஒரு தீப்பெட்டிக் கம்பெனிக்காரர் வீட்டில் பெண் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டில் மூத்த மருமகன் டாக்டர். வெறும் பி.காம். அங்கே எடுபடாது. "நீ கூட இருந்து பாத்துக்க" என்றார் ஒச்சப்பன். அதற்குப் பிறகு ரயில் போயிற்று. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒச்சப்பனின் கார் கம்பெனி வாசலுக்கு வந்தது. வெள்ளைத்துரை பின் ஸீட்டில் காலை நீட்டித் தூங்குவான். இருளாண்டி முன்னால், டிரைவர் மொக்கைச்சாமிக்குப் பக்கத்தில், மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மொக்கைச்சாமிக்குப் பேச்சு வேண்டும். மதுரை வரும்வரை பேசுவார்.

வெள்ளைத்துரை கெட்டவன் இல்லை. சிவகாசி எல்லைக்குள் "மேனேஜர்" என்பவன், திருமங்கலம் தாண்டியதும் "அண்ணே" என்பான். மதுரையில் ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். தன் இலையில் வைத்த அப்பளத்தை எடுத்து இவர் இலையில் போடுவான். ஊர் திரும்பியதும், அப்படிச் சாப்பிட்ட இருவரும் வேறு யாரோ என்பதுபோல ஆகிவிடும். வகுப்புக்கு ஒருநாள் வந்தால் மூன்று நாள் வரமாட்டான். வடக்கு வெளி வீதிப் பக்கம் ஒரு மோட்டார் பட்டறையில் கிடப்பான். பஸ் இன்ஜினைப் பிரித்துப் போட்டுக் கோக்கிறவர்களுடன் சேர்ந்து கை கால் எல்லாம் கிரீஸோடு காருக்கு வருவான். மொக்கைச்சாமி ஒரு துணியை நனைத்துக் கொடுப்பார். ஊர் வருவதற்குள் துடைத்துக்கொள்வான்.

"படிக்கலாமே தம்பி" என்று ஒருநாள் இருளாண்டி சொன்னார்.

"ஒங்களுக்கு வேணும்ணே, படிக்கீக. எனக்கு வேணாம்ணே. அப்படியும் படிக்கச் சொல்றாக." கையைத் துடைத்துக்கொண்டே அவன் சிரித்தான். "நம்ம ரெண்டு பேரையும் மாத்திப் போட்டுட்டாக."

அந்த மாசியில் தேர்தல் முடிவு வந்தது. இரண்டு கட்சிக்காரர்களும் சரவெடிக்கு முன்கூட்டியே ஆர்டர் கொடுத்திருந்தார்கள். ஒரு பக்கத்தார் விடியுமுன்னே வந்து லாரியில் ஏற்றிப் போனார்கள். இன்னொரு பக்கத்தார் வரவே இல்லை. அந்த லோடு கிட்டங்கியில் கிடக்க, அதைக் காவல் காத்துக்கொண்டே இருளாண்டி முதல் வருஷப் பரீட்சைக்குப் படித்தார். பரீட்சை முடிவு வந்தபோது வகுப்பிலேயே அவர்தான் முதல். வெள்ளைத்துரை இரண்டு பாடத்தில் தோற்றுப்போய்விட்டான்.

இரண்டாம் வருஷம் தை மாதம் பேராசிரியர் அவரைத் தனியே அழைத்தார். கல்லூரியின் பகல் பிரிவில் ஜூன் மாதம் ஒரு விரிவுரையாளர் இடம் காலியாகிறது. சித்திரைப் பரீட்சையில் தேறிவிட்டால் அந்த இடத்துக்கு இருளாண்டியின் பெயரைச் சொல்லலாம் என்றிருக்கிறேன் என்றார். "இடம் காத்திருக்காது. இந்த வருஷம் எழுதியாக வேண்டும்." இருளாண்டி படியிறங்கி வந்து கல்லூரி மைதானத்தின் ஓரமாக நின்றார். சாக்பீஸ் பிடித்த தன் கையை, தன் முன்னால் வரிசை வரிசையாக உட்கார்ந்திருக்கும் பையன்களை அவர் நினைத்துப் பார்க்க முயன்றார். மனதில் வந்தது அது இல்லை. மருந்து வாடை இல்லாத ஒரு வீடு வந்தது. இடி இடிக்கும்போது கம்பெனி வெடித்துவிட்டதோ என்று எழுந்து வாசலுக்கு ஓடாத ஒரு குருவம்மாள் வந்தாள்.

பங்குனி பிறந்த வாரத்தில் ஒச்சப்பன் ஆபீஸ் அறைக்கு வந்தார். வழக்கமாக வந்தால் இருளாண்டி எழுந்து நாற்காலியைக் கொடுப்பார், அவர் உட்காருவார். அன்றைக்கு "இரி, இரி" என்று சொல்லிவிட்டு எதிரே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தார்.

"மொத வருசம் நல்லா எழுதிட்ட. ஊர் பூராப் பேச்சு."

இருளாண்டி நின்றுகொண்டே இருந்தார்.

"சாத்தூர்ல இருந்து வந்தவுக என்ன கேட்டாக தெரியுமா? ஒங்க மேனேஜரு பாஸாமே, மகன் என்ன ஆனாருன்னு கேக்காக. எங்கிட்டயே. எங்க வீட்டுல காப்பி குடிச்சுக்கிட்டே." ஒச்சப்பனின் குரலில் கோபம் இல்லை. களைப்பு இருந்தது. "படிப்ப விடச் சொல்லலை. இந்த வருசம் நீ பரீட்சைக்குப் போகாத. அவன் எழுதி வரட்டும், பழைய பாடத்தையும் சேத்து. அடுத்த வருசம் நீ எழுது. ஒரு வருசத்துல என்ன ஆயிரப் போகுது?"

"சரிங்க முதலாளி" என்றார் இருளாண்டி.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. அவர் யோசித்துச் சொன்ன வார்த்தை இல்லை அது. பத்து வருஷமாக ஒரு நாளைக்குப் பல தடவை சொல்லிச் சொல்லி, கேட்பதற்கு முன்பே வாய் தானாகச் சொல்லப் பழகியிருந்தது. தகப்பனார் வாயிலும் அதுதான் இருந்தது. ஒச்சப்பன் எழுந்து வாசல் வரை போனார். வெளியே ஷெட்டுகளுக்கு இடையே ஆட்கள் நடமாடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒங்க ஆளுக இப்ப எம்புட்டுப் பேரு இங்கன இருக்காக?"

"நூறு பேருக்கு மேல இருப்பாக முதலாளி."

"ம். நல்லா இருக்கட்டும்" என்றார் ஒச்சப்பன்.

அவர் போன பிறகு இருளாண்டி நெடுநேரம் அந்த வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நூறு பேரையும் காட்டிலிருந்து ஒவ்வொருவராகக் கூட்டிவந்தது அவர்தான். மழை பொய்த்த வருஷம் மாடத்தி புருஷனை இழந்து மூன்று பிள்ளைகளோடு நின்றபோது அவளைக் கொண்டுவந்து திரி வெட்டும் இடத்தில் உட்காரவைத்தார். அவளைப் பார்த்துப் பக்கத்து வீடு வந்தது, பிறகு தெருவே வந்தது. வெயிலில் குனிந்து கிடந்தவர்கள் நிழலில் உட்கார்ந்து வேலை பார்க்கிறார்கள் என்று அவர் பெருமைப்பட்டதுண்டு. இன்றைக்கு அவர்கள் ஒவ்வொருவரும் தன் காலில் கட்டிய கயிறாகத் தெரிந்தார்கள். அப்படித் தோன்றியதற்காகத் தன் மேலேயே அவருக்கு அருவருப்பாக இருந்தது.

மறுநாள் காலை குருவம்மாள் அடுப்பில் கஞ்சியைக் கிண்டிக்கொண்டிருந்தபோது விஷயத்தைச் சொன்னார். மேனேஜர் பெண்டாட்டி காட்டு வேலைக்கும் கம்பெனிக்கும் போகக்கூடாது என்று பத்து வருஷத்துக்கு முன்பே அவளை வீட்டில் உட்காரவைத்துவிட்டார்கள். அதற்கு முன்பு பருத்தி எடுப்பதில் அவள் கை வேகத்துக்கு ஈடு யாருமில்லை.

"அந்த வாத்தியார் வேலை அடுத்த வருசம் இருக்காதா?"

"இருக்காது."

அவள் துடுப்பை எடுத்து ஓரமாக வைத்தாள். "போங்கன்னும் நான் சொல்லலை, போகாதீகன்னும் சொல்லலை. போனா எங்கக்கா என்ன கேப்பான்னு தெரியும். ஒம் புருசன் வெள்ளச் சட்டை போட எம் பிள்ளைக வெயில்ல நிக்கணுமாடின்னு கேப்பா."

"போகலைன்னா?"

"போகலைன்னா நீங்க என்னைய ஒண்ணுமே கேக்க மாட்டீக. சாகுற வரைக்கும் கேக்க மாட்டீக. எனக்கு அதுதான் பயமாக் கெடக்கு."

பரீட்சை நாள் காலையில் இருளாண்டி, பெட்டி செய்யும் அட்டை விஷயமாகச் சாத்தூர் போகிறேன் என்று கணக்குப்பிள்ளையிடம் சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார். சிவகாசி பஸ் நிற்கும் இடத்தில், புளியமரத்தின் மறைவில், மஞ்சள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். திருட வந்தவனைப் போல இருந்தது. பஸ் வருமுன் கார் வந்தது. வெள்ளைத்துரை பின்கதவைத் திறந்தான்.

"ஏறுங்கண்ணே."

"இல்ல தம்பி, நான் சாத்தூருக்கு..."

"சாத்தூர் பஸ்ஸு எதுத்தாப்புல நிக்கும்."

இருளாண்டி மொக்கைச்சாமியைப் பார்த்தார். மொக்கைச்சாமி நேராக ரோட்டைப் பார்த்தபடி சொன்னார்: "எனக்கு முன்னால பாக்கத்தான் சம்பளம். பின்னால யாரு உக்காந்திருக்காகன்னு நான் என்னத்தக் கண்டேன்." அன்றைக்கு முதல் தடவையாக இருளாண்டி பின் ஸீட்டில் உட்கார்ந்தார்.

முதல் பரீட்சையை நன்றாகவே எழுதினார். இரண்டாவது, ஒருநாள் விட்டு, நிர்வாகவியல்; அன்றைக்கும் அதே காரில்தான் போனார். கேள்வித்தாளை வாங்கி இரண்டு பக்கம் எழுதியிருப்பார், முன்வரிசையில் வெள்ளைத்துரை எழுந்து நிற்பது தெரிந்தது. விடைத்தாளை மேற்பார்வையாளர் மேஜையில் வைத்துவிட்டு, வரிசைக்கு நடுவே நடந்து வந்தான். இருளாண்டியின் பெஞ்சைக் கடக்கும்போது அதன் ஓரத்தில் உள்ளங்கையை ஒருகணம் வைத்து அழுத்தினான். பிறகு வெளியே போய்விட்டான். இருளாண்டி தலையைக் குனிந்துகொண்டு எழுதினார். எழுதி முடித்து மணியடித்து வெளியே வந்தபோது காருக்குப் பக்கத்தில் மொக்கைச்சாமி மட்டும் நின்றுகொண்டிருந்தார்.

"சின்னவரு பொட்டிய எடுத்துக்கிட்டாரு. காலையிலயே டிக்கியில கொண்டாந்து வச்சிருக்காரு, நான் பாக்கலை. கோயமுத்தூரு பஸ்ஸுக்குப் போறேன்னாரு. அங்கன பஸ் பட்டறையில வேலையாம்."

"நீங்க விட்டுட்டீகளா?"

"நான் என்ன செய்ய? கையப் பிடிச்சேன். அப்பாகிட்ட யாரு சொல்லுறதுன்னு கேட்டேன். அண்ணன் சொல்லிருவாருன்னாரு."

கார் திரும்பும் வழியெல்லாம் இருளாண்டி ஒச்சப்பனிடம் சொல்லப்போகும் காட்சியைப் பலவிதமாக மனதுக்குள் நடத்திப் பார்த்தார். எப்படித் தொடங்கினாலும் இரண்டாவது வாக்கியத்தில் தானும் பரீட்சை எழுதியதைச் சொல்லியாக வேண்டியிருந்தது. மொக்கைச்சாமியையே சொல்லச் சொல்லலாம் என்றுகூட ஒரு யோசனை வந்தது. அந்த யோசனை திருமங்கலம் வரை இருந்தது, பிறகு போய்விட்டது.

மேனேஜர் இல்லாத நாளில் ஒச்சப்பன் கம்பெனியில்தான் இருப்பார். இருளாண்டியின் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"முதலாளி, தம்பி பரீட்சைய விட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. கோயமுத்தூருக்குப் போயிட்டாரு. இனி படிக்க மாட்டாரு போல."

ஒச்சப்பன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். வெளியே ஏதோ ஒரு ஷெட்டில் பெண்கள் பேசிக்கொண்டிருப்பது கேட்டது.

"நீ எப்பிடிலே பாத்த?"

"நானும் அங்கன எழுதிக்கிட்டிருந்தேன் முதலாளி."

அடி விழுந்தால்கூடத் தாங்கிக்கொள்ளலாம் என்று இருளாண்டிக்குத் தோன்றியது. ஒச்சப்பன் அவரைப் பார்க்கவில்லை. மேஜையின் மேல் கிடந்த கேப் வெடிச் சுருள் ஒன்றை எடுத்து, விரலால் பிரித்தார், மறுபடி சுற்றினார்.

"மிச்சப் பரீட்சை எப்ப?"

"நாளக் கழிச்சு, முதலாளி."

"போய் எழுது" என்றார். எழுந்து, நாற்காலியை மேஜையை ஒட்டித் தள்ளி வைத்துவிட்டு வெளியே போனார். அவர் நடை அன்றைக்குத்தான் ஒரு வயதானவரின் நடையாக இருளாண்டியின் கண்ணுக்குத் தெரிந்தது.

மிச்சப் பரீட்சைகளை பஸ்ஸிலும் ரயிலிலும் போய் எழுதினார். ஜன்னலோரம் உட்கார்ந்தும் அந்தப் பழைய ஒரு மணி நேரம் திரும்பக் கிடைக்கவில்லை. வெள்ளைத்துரையைக் கூட்டிவர ஒச்சப்பனே ஒருமுறை கோயமுத்தூர் போய்விட்டுத் தனியாகத் திரும்பினார். சாத்தூர்ச் சம்பந்தம் பேச்சில்லாமல் நின்றுபோனது. அதற்குப் பிறகு அவர் கம்பெனிக்கு வருவதும் குறைந்தது. வந்தாலும் எதற்கும் "மேனேஜரக் கேளு" என்றார். மருந்து வாங்குவது, ஏஜெண்டுகளோடு பேசுவது, லைசென்ஸ் புதுப்பிப்பது என்று ஒவ்வொன்றாக இருளாண்டியின் மேஜைக்கு வந்து சேர்ந்தது. புத்தகத்தில் படித்த அதிகாரம் இப்போது முழுதாகக் கைக்கு வந்துவிட்டது. இரவு படுத்தால் மார்பின் மேல் யாரோ உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது.

ஜூன் மாதம் தேர்வு முடிவு வந்தது. பேராசிரியர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பிரின்சிபாலிடம் பேசியாகிவிட்டது. திங்கட்கிழமை வந்து சேர்ந்துவிடுங்கள்" என்றார். இருளாண்டி வீட்டுக்கு வந்து சொன்னதும் குருவம்மாள் ஸ்டூலைப் போட்டு ஏறிப் பரணிலிருந்து தகரப் பெட்டியை இறக்கினாள். தூசியைத் தட்டி, உள்ளே ஈரத்துணியால் துடைத்து, வெயிலில் திறந்து வைத்தாள். மாடத்தி வந்து அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "வெயில்ல காயுதா?" என்று கேட்டாள். "ஆமா" என்றாள் குருவம்மாள். மாடத்தி அப்படியே திரும்பிப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒச்சப்பனின் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடுவது என்று இருளாண்டி முடிவு செய்திருந்தார். காலையில் போனபோது முதலாளி பூஜையில் இருப்பதாகச் சொன்னார்கள். வெளிக் கேட்டுக்கு அருகே சற்று நேரம் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டார். சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு மறுபடி போகலாம் என்று சட்டையை மாட்டிக்கொண்டிருந்தபோது, தெருமுனையில் பேச்சுச் சத்தம் திடீரென்று அடங்குவது கேட்டது.

ஒச்சப்பன் நடந்து வந்துகொண்டிருந்தார். தனியாக, வேட்டி நுனியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, சாக்கடையைப் பார்த்துப் பார்த்துக் கால்வைத்து வந்தார். அவரோ அவருடைய தகப்பனாரோ அந்தத் தெருவுக்குள் வந்ததாக யாருக்கும் நினைவில்லை. ஆள் வேண்டுமென்றால் தெருமுனையில் நின்று கூப்பிடச் சொல்வார்கள். கோழிகள் ஒதுங்கின. வாசலில் படுத்திருந்த கிழவர்கள் எழுந்து துண்டை இடுப்பில் கட்டினார்கள். இருளாண்டி ஓடிப்போய் நாற்காலியை எடுத்து வாசலில் போட்டார். ஒச்சப்பன் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது.

"குடிக்கத் தண்ணி கொடு தாயி."

குருவம்மாள் நிலைப்படியில் அப்படியே நின்றாள். அவள் கண்கள் இருளாண்டியிடம் வந்து, பிறகு எதிர் வாசலில் நின்ற மாடத்தியிடம் போயின. உள்ளே போய் எவர்சில்வர் டம்ளரை மறுபடி ஒருமுறை கழுவி, பானைத் தண்ணீரை மொண்டு கொண்டுவந்தாள். ஒச்சப்பன் வாங்கி, உதட்டில் வைத்து, மெதுவாக, கடைசிச் சொட்டு வரை குடித்தார். பார்த்துக்கொண்டிருந்தவர்களில் யாரோ ஒரு பெண் "எய்யா" என்று தன்னையறியாமல் சொன்னாள்.

"மதுரையில வேலைங்காக. நாளைக்குச் சேரணுமாமே."

"ஆமா முதலாளி. காலையில சொல்லத்தான் வந்தேன்."

"வந்தது தெரியும். நாந்தான் பூசையில இருக்கேன்னு சொல்லச் சொன்னேன். எங்க வீட்டு வாசல்ல வச்சுப் பேசுற பேச்சில்ல இது." அவர் குரலைத் தாழ்த்தவில்லை. தெரு முழுவதும் கேட்டது. "அவன் வர மாட்டேனுட்டான். கால்ல விழாத கொறையாக் கேட்டேன். எனக்கும் முன்ன மாதிரி முடியலை. சிவகாசிப் பெரிய கம்பெனிக்காரன் வெலைக்குக் கேக்கான். கொடுத்தா அவன் ஆளுகளைத்தான் வச்சுக்கிடுவான். நீ இருந்தா நான் கொடுக்க மாட்டேன். ஒன் பேரையும் சேத்துப் போர்டு எழுதுவேன், பங்கும் எழுதி வைக்கேன். நீ போனா நான் எதை நம்பி வச்சிருக்க?"

"சரிங்க முதலாளி" என்ற அந்த இரண்டு வார்த்தைகள் இருளாண்டியின் வாய் வரை வந்துவிட்டன. பற்களைக் கடித்து அவற்றை உள்ளேயே நிறுத்தினார்.

"அன்னைக்கு வேணாம்னு சொன்னேன், நீ கேக்கலை. அது சரிதான். இன்னைக்குச் சொல்ல வரலை இருளாண்டி. கேக்க வந்திருக்கேன்."

அவர் பேசி முடித்துக் கைகளை மடியில் வைத்துக்கொண்டார். அவசரம் எதுவும் இல்லாதவர் போல உட்கார்ந்திருந்தார். இருளாண்டி தெருவைப் பார்த்தார். இரண்டு பக்க வாசல்களிலும் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். யாரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. யாரும் அருகே வரவில்லை. முதலில் ஒரு கிழவி, நிற்க முடியாமல், சேலையை ஒதுக்கிக்கொண்டு மண்ணில் உட்கார்ந்தாள். அவளுக்குப் பக்கத்தில் இன்னொருத்தி உட்கார்ந்தாள். பிறகு ஆண்கள், திரி வெட்டும் பெண்கள், இடுப்புப் பிள்ளையை இறக்கி மடியில் போட்டுக்கொண்டவர்கள் என்று ஒருவர் பின் ஒருவராக, பஞ்சாயத்துக்கு வந்து காத்திருப்பவர்களைப்போல, அந்தத் தெரு முழுவதும் தரையில் உட்கார்ந்தது. மாடத்தியும் உட்கார்ந்தாள். தனக்குப் பக்கத்தில் ஒரு ஆள் இடம் விட்டு, அந்த இடத்துச் சரளையைக் கையால் ஒதுக்கிவிட்டுத் தங்கையை நிமிர்ந்து பார்த்தாள்.

குருவம்மாள் காலி டம்ளரை வயிற்றோடு சேர்த்துப் பிடித்தபடி நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தாள்.